‘அப்பாடா’ என்று சொன்னது தப்பா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 66 வயது. கோத்தகிரியிலிருந்து அரவேனு போகிற வழியில் வீடு. கணவர் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சென்னையில், மகள் பெங்களூரில். போன மே மாதம் மகனுடைய பிள்ளைகள் இருவரும் மூன்று வாரம் எங்களோடு இருந்தார்கள். இப்போது பேரனுக்கு 11, பேத்திக்கு 7. அவர்கள் வரும்வரை நாள் எண்ணிக்கொண்டிருந்தவள், வந்த பத்தாம் நாளிலிருந்து போகிற நாளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். முழங்கால் வலி, சர்க்கரை வேறு. மூன்று வேளையும் ஆளுக்கொரு சமையல். பெரியவன் ‘போர் அடிக்குது பாட்டி’ என்று செல்போனை எடுத்தால் வைப்பதில்லை. மருமகள் ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்திருந்தாள்: சர்க்கரை கூடாது, வர்க்கி கூடாது, ஒன்பது மணிக்குத் தூங்க வேண்டும். தினமும் மூன்று தடவை போன். அவர்கள் பஸ் ஏறியதும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ‘அப்பாடா’ என்றேன். அப்புறம் ராத்திரி முழுக்க அழுதேன். கணவரோ, ‘பேரப்பிள்ளைகள் வருவது உனக்குப் பாரமா?’ என்கிறார். இந்த வருஷம் மகளும் தன்னுடைய இரண்டரை வயதுப் பையனை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாள். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்:

அன்புள்ள அம்மா,

குன்னூரில் முப்பது வருஷத்துக்கு மேல் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தேன். ஜூன் முதல் வாரம் வந்தால் என் கிளினிக்கில் ஒரு வேடிக்கை நடக்கும். அக்கம்பக்கத்துக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிற பாட்டிகள், ஊசி போட்டு முடிந்ததும் ‘டாக்டரம்மா, அப்படியே எனக்கும் கொஞ்சம் பிரஷர் பாருங்க’ என்று கையை நீட்டுவார்கள். பேரப்பிள்ளைகள் கீழே இறங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். பிரஷர் ஏறியிருக்கும், இடுப்பு பிடித்திருக்கும், மாத்திரை பாதி நாள் விட்டுப்போயிருக்கும். ‘எப்படி இருந்துச்சு லீவு?’ என்று கேட்டால் முதலில் முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, நீங்கள் எழுதிய அதே வார்த்தை: அப்பாடா. அதைச் சொல்லாத பாட்டியை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. மூன்று வாரம் தூக்கம் கெட்டு, முழங்காலோடு படி ஏறி இறங்கிய உடம்பு சொன்ன வார்த்தை அது. அதைப் போய் மனசின் கணக்கில் எழுதி ராத்திரி முழுக்க அழுதிருக்கிறீர்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பிள்ளைகளை 21 நாளும் விருந்தாளியாகவே வைத்திருந்திருக்கிறீர்கள். ஆளுக்கொரு சமையல் என்ற ஒரு வரியிலேயே அது தெரிந்துவிட்டது. முதல் மூன்று நாள் விருந்து வையுங்கள், யார் வேண்டாம் என்றது? பேத்திக்குப் பிடித்த பூரி, பேரனுக்குப் பிடித்த கோழி, எல்லாம் நடக்கட்டும். நாலாம் நாள் காலையிலிருந்து அவர்கள் வீட்டு ஆட்கள். வீட்டில் என்ன சமையலோ அதுதான் சாப்பாடு. பிடிக்காவிட்டால் தயிர்சாதம் இருக்கிறது. ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது, இதை நான் மருத்துவராகவே சொல்கிறேன்.

வீட்டு ஆள் என்றால் வீட்டு வேலையும் உண்டு. ஏழு வயதுப் பெண் பட்டாணி உரிப்பாள், பூண்டு உரிப்பாள், மேசையில் தட்டு வைப்பாள். பதினோரு வயதுப் பையன் பால் வாங்கி வருவான், துணி காயப்போடுவான், தன் தட்டைத் தானே கழுவுவான். உங்கள் வேகத்துக்கு அவர்கள் செய்ய மாட்டார்கள். உரித்த பட்டாணியில் பாதி வாய்க்குள் போகும். போகட்டும். (சின்னவன் வந்தால் மட்டும் பட்டாணிக் கிண்ணத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். மலையில் பட்டாணி சீசன் என்றால் குட்டிப் பிள்ளைகளின் மூக்கிலிருந்து பட்டாணி எடுப்பது எனக்கு ஒரு தனி வேலையாகவே இருந்தது. வேர்க்கடலை, பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை இவையும் அந்த வயதில் புரையேறி மூச்சை அடைக்கக் கூடியவை.)

‘போர் அடிக்குது’ என்று ஒரு குழந்தை சொன்னால் பாட்டி ஏதோ ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று யார் சொன்னது? ‘அப்படியா சாமி’ என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்குங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவன் வாசலில் ஓணானுக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பான். ஆனால் இது நடக்க வேண்டுமென்றால் செல்போன் கையில் இருக்கக் கூடாது. அதைப் பிடுங்கப் போனால் சண்டைதான். நான் கண்ட வழி, சார்ஜரைச் சமையலறையில் வைத்துக்கொள்வது. சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று முதல் நாளே அவனோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். மீதி நேரம் போன் சமையலறை அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், உங்களுடையதும் அதன் பக்கத்திலேயே. பாட்டி சீரியல் பார்த்துக்கொண்டு பேரனை மட்டும் அதட்டினால் எடுபடாது. இரண்டரை வயதுக்காரனுக்கு, முடிந்தவரை போனே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்குப்படி 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய விஷயம். சமையல், பஞ்சாயத்து, போன், தூக்கம், அழுகை, எல்லா வரியிலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். தாத்தா ஒரே ஒரு வரியில் வருகிறார், அதுவும் கேள்வி கேட்க. ‘உனக்குப் பாரமா?’ என்று அவர் கேட்டது உங்களைக் குத்தியிருக்கிறது. பாரத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று நான் அவரைக் கேட்கிறேன். இந்தப் பதிலை அவரிடம் வாசித்துக் காட்டினாலும் சரி. காலைச் சாப்பாடு முடிந்ததிலிருந்து மதியம் வரை பிள்ளைகள் தாத்தா பொறுப்பு. நீங்கள் அந்த நேரத்தில் படுக்கலாம், கோயிலுக்குப் போகலாம், சும்மா இருக்கலாம். தேயிலையில் வாழ்நாளைக் கழித்த மனுஷருக்கு அந்த மூன்று மணி நேரத்தை நிரப்பச் சொல்லித் தர வேண்டுமா? இரண்டு இலை ஒரு மொட்டு என்று படத்தில் பார்த்த பையனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கிள்ளச் சொல்லட்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும் என்று சொன்னால் நம்ப மாட்டான். தராசு வைத்துக் காட்டட்டும். தெரிந்த ஃபேக்டரி இருந்தால் ஒரு நாள் உள்ளே அழைத்துப் போகலாம். இலையை வாட்டுகிற அறையின் வாசனை அந்தப் பையனுக்குச் சாகும்வரை மறக்காது.

ஊர் சுற்றுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டிக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பாதி நாள் வண்டியிலேயே போய்விடும், மீதி நாள் கழிவறை தேடுவதில். உங்கள் ஊரிலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. கன்னேரிமுக்கில், கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் முதன்முதலாக வந்து தங்கிய கட்டடம் நினைவகமாக நிற்கிறது. இந்த மலைக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் எப்படி வந்தன என்ற கதையை அங்கே ஆரம்பிக்கலாம். குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு ஒரு நாள், வார நாளாகப் பார்த்து. அவ்வளவு போதும். மற்றபடி ஒரே பாதையில் தினம் நடப்பதுதான் குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. மூன்றாம் நாள் அந்தப் பாதை அவர்களுடையதாகிவிடுகிறது.

நடை எல்லாம் பொழுது சாய்வதற்குள் முடியட்டும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சென்னைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: காட்டெருமை தூரத்தில் மாடு மாதிரி சாதுவாகத்தான் தெரியும், செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போகக் கூடாது. கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். வந்த முதல் நாளே இதைத் தாத்தா கதை மாதிரி சொல்லிவிட்டால் பயமுறுத்தாமலே காரியம் முடியும். அதே போல் நாயோ குரங்கோ கடித்தால், பிறாண்டினால், திட்டுக்குப் பயந்து மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்கென்றே 1907-இல் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட் தொடங்கிய மலை நம்முடையது. இங்கே இருந்துகொண்டு அலட்சியம் கூடாது.

வெளியே இருக்கிற கரடியைவிட எனக்குப் பயம் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தான். என் கதையையே சொல்கிறேன். என் பேரனுக்கு மூன்று வயது இருக்கும்போது, என் வீட்டுக்காரர் காலையில் போடுகிற சர்க்கரை மாத்திரை அட்டையைப் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் அடுப்படியில். வந்து பார்த்தால் அட்டை பையன் கையில், ஒரு குழி காலி. தின்றானா, போட்டானா என்று கேட்டால் சிரிக்கிறான். அந்த வகை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், அதுவும் பல மணி நேரம் கழித்துக்கூட. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த டாக்டர், அன்று ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் பேரன் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வீட்டைக் கூட்டும்போது சோபாவுக்கு அடியில் மாத்திரை கிடந்தது. என் மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் உங்கள் இருவர் மாத்திரையும் பூட்டுகிற பெட்டிக்குள் போக வேண்டும். கூடவே தைலங்களும். நம் மலையில் வீட்டுக்கு வீடு நீலகிரித் தைலம் இருக்கும், முழங்காலுக்கு வின்டர்கிரீன் எண்ணெயும் இருக்கும். வெளியே தேய்க்கிறோம் என்பதால் அது விஷம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். நீலகிரித் தைலம் கொஞ்சம் உள்ளே போனாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சளி என்று மூக்கடியில் தடவுவதும் சின்னவனுக்கு வேண்டாம். யாராவது எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டையையோ பாட்டிலையோ கையில் எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

குளிருக்கு இன்னொன்று. ராத்திரி கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, படுக்கிற அறைக்குள் கரி அடுப்பு வைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடுவார். ஒரு ஸ்வெட்டர், சாக்ஸ், ஒரு கம்பளி போதும். மேலே வந்த மறுநாளே மூக்கு ஒழுகினால் பதற வேண்டாம், குளிர்காற்றுக்கே மூக்கு ஒழுகும். ஆனால் இரண்டரை வயதுக்காரன் அழாமல் அமைதியாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ காத்திருக்காமல் கூட்டிப்போங்கள்.

மருமகளின் தாள். இதில் நான் உங்கள் பக்கம் மட்டும் நிற்க மாட்டேன். பிள்ளைகளை மூன்று வாரம் கண்காணாத தூரத்தில் விட்டவளுக்கு அந்தத் தாள்தான் பிடிமானம். தாள் நீளமாக இருப்பது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல என்றே நினைக்கிறேன். இந்தத் தடவை நீங்களே முந்திக்கொண்டு போன் போடுங்கள். ‘ஏம்மா, உன் லிஸ்ட்ல எதை விடவே கூடாது, மூணு மட்டும் சொல்லு. அதை நான் அப்படியே காப்பாத்திக் கொடுக்கறேன். மத்ததை என் இஷ்டத்துக்கு விட்டுடு’ என்று கேளுங்கள். மூன்று சொன்னால், அந்த மூன்றையும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் காப்பாற்றுங்கள். ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்று கையில் மிட்டாய் திணிக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. பாட்டிக்கு ஒரு ரகசியம் என்று பழகிய குழந்தை, நாளைக்கு வேறு யாருக்கோ ஒரு ரகசியம் காக்கும். வர்க்கி அந்த மூன்றில் இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தை ஊரிலேயே இருந்துகொண்டு தின்னாமல் போவதாவது! டீக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. போனும் அப்படித்தான்: ராத்திரி ஏழு மணிக்கு ஒரே தடவை, பிள்ளைகளே பேசுவார்கள். அன்றைக்கு நடந்த சண்டைகளை எல்லாம் நீங்கள் ஒப்பிக்க வேண்டாம். அண்ணன் தங்கை சண்டையில் ரத்தம் வராதவரை நீங்கள் நீதிபதியும் இல்லை.

சரி, எத்தனை நாள்? மூன்று வாரம் உங்களுக்கு அதிகம். இதை நான் முடிவாகவே சொல்கிறேன். பத்து, பன்னிரண்டு நாள் சரியாக இருக்கும். மகனிடம் ‘முடியலப்பா’ என்று புலம்பலாகச் சொன்னால் அவனுக்குக் குற்ற உணர்வுதான் வரும், தேதி வராது. தேதியாகச் சொல்லுங்கள்: ‘மே ஒண்ணாம் தேதி கூட்டிட்டு வா, பன்னிரண்டாம் தேதி வந்து கூட்டிட்டுப் போ. கடைசி ரெண்டு நாள் நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க.’ செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, கௌரவம் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் நாலு பேருக்குப் பால், கேஸ், காய்கறி எவ்வளவு ஆகும் என்று உங்கள் மகனுக்கு ஒரு மதிப்பும் இருக்காது. அவன் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள்.

சின்னவன் விஷயத்தில் மகளுக்குப் பதில், முடியாது என்பதுதான். இரண்டரை வயதுப் பையன் பின்னால் ஓடுகிற முழங்கால் அல்ல உங்களுடையது. அந்த வயதில் அம்மா கண்ணில் படாமல் பத்து நாள் இருப்பது அவனுக்கும் பெரிய பாரம். ‘நீயும் அவனும் சேர்ந்து அஞ்சு நாள் வாங்க, உனக்கும் அம்மா வீடு வேணுமில்ல’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஐந்தில் இரண்டு நாள் அண்ணன் பிள்ளைகளோடு சேர்ந்து வருகிற மாதிரி தேதி போட்டால், மூன்று பேரும் ஒன்றாக இருந்த மாதிரியும் ஆச்சு. கோபித்துக்கொள்வாள். ஒரு வாரம் பேச மாட்டாள். அப்புறம் டிக்கெட் போடுவாள்.

வருகிற வழி பற்றி ஒரு வார்த்தை. கார் என்றால், வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிற இ-பாஸை மகன் முன்கூட்டியே எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் வந்தால் அது வேண்டாம். ஆனால் என் ஆசை வேறு. நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் விடியும்போது மேட்டுப்பாளையம். அங்கிருந்து காலை மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை இருக்கிறது, அதைக் கடித்துக் கடித்துத்தான் வண்டி ஏறும். ஊட்டி வரைக்குமான 46 கிலோமீட்டரில் மொத்தம் 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்று பேரனிடம் முன்பே சொல்லிவிட்டால் குன்னூர் வரும்வரை எண்ணிக்கொண்டே வருவான், செல்போன் நினைவே வராது. குன்னூரில் இறங்கிக் கோத்தகிரிக்குப் பஸ். மே மாத டிக்கெட் முன்பதிவு திறந்த அன்றே போட்டாக வேண்டும். கிடைக்காமல் பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்றால், ஏறுவதற்கு முன்னால் இரண்டு இட்லி, முன்பக்க ஜன்னல் சீட், பார்வை சாலையில். மலைப்பாதையில் குனிந்து போன் பார்க்கிற பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும்.

கடைசியாக, முழங்கால். மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களோ என்று சந்தேகம். சர்க்கரை இருக்கிறவர் அப்படித் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். பிள்ளைகள் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு நேரம் கிடைக்காது, இந்த மாதமே போய்க் காட்டிவிடுங்கள். வருகிற வழியில் பூட்டோடு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சாவி தாத்தாவிடம் வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும்.